சிக்னல் இல்லாத முனையில் யார் முதலில் போவது?

அன்று நிற்க வேண்டியவர் நீங்கள்தான். ஆட்டோக்காரர் வந்த வேகம் தவறு, அவர் பேசிய வார்த்தைகள் அதைவிடத் தவறு. ஆனாலும் அந்த முனையில் வழி கொடுக்க வேண்டிய கடமை உங்களுடையது.

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்திருக்கிறீர்கள். மேற்கு மாம்பலத்தில் வீடு, உரிமம் வாங்கி இரண்டே மாதம். கே.கே. நகரில் ஒரே அகலமுள்ள இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்ளும் முனையில், சிக்னலும் இல்லை, காவலரும் இல்லை. நீங்கள் காரில் நேராகப் போகிறீர்கள். வலப்பக்கத் தெருவிலிருந்து ஓர் ஆட்டோ வருகிறது. இருவரும் பிரேக்கை அழுத்தியதில் ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தீர்கள். “நேராகப் போகிறவனுக்குத்தானே முன்னுரிமை?” என்பது உங்கள் முதல் கேள்வி. மஞ்சள் விளக்கு விழுந்தால் போவதா நிற்பதா என்பது இரண்டாவது. சிவப்பு எரியும்போது இடதுபுறம் திரும்பலாமா என்பது மூன்றாவது. மேற்கு மாம்பலத்திலேயே இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்து வருகிறேன். இந்த மூன்றையும் என்னிடம் கேட்காத மாணவர் இல்லை. எல் போர்டைக் கழற்றிய பிறகுதான் கேட்கிறார்கள் என்பது என் வருத்தம்.

முதலில், “நேராகப் போகிறவனுக்கு முன்னுரிமை” என்பது பாதி உண்மை. எதிரெதிரே வரும் இரண்டு வாகனங்களில் ஒன்று நேராகப் போக, மற்றொன்று வலதுபுறம் திரும்ப வேண்டியிருந்தால், திரும்புகிறவர் காத்திருக்க வேண்டும். அங்கே அது சரி. குறுக்கே வரும் வாகனத்துக்கு அந்த விதி பொருந்தாது, ஏனென்றால் அவரும் நேராகத்தான் போகிறார். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தன. நீங்கள் நுழையும் சாலை முதன்மைச் சாலை என்றால், அதில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். மற்ற இடங்களில் உங்கள் வலது கைப்பக்கமிருந்து சந்திப்பை நெருங்கும் எல்லா வாகனங்களுக்கும் வழிவிட வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2017இல் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

ஏன் வலது? இதைப் புரிந்துகொண்டவர்கள் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு தாளில் கூட்டல் குறி போல இரண்டு தெருக்களை வரையுங்கள். நாம் சாலையின் இடப்பாதியில் ஓட்டுகிறோம். நீங்கள் கீழிருந்து மேலே போகிறீர்கள். வலமிருந்து வரும் ஆட்டோவும் அதன் இடப்பாதியில்தான் வரும். தாளில் பார்த்தால் அது சந்திப்பின் கீழ்ப்பாதி, அதாவது உங்களுக்கு மிக அருகிலுள்ள பாதி. நீங்கள் சந்திப்புக்குள் மூக்கை நுழைத்த உடனேயே அதன் பாதையில் இருப்பீர்கள். அந்த ஆட்டோவோ உங்கள் பாதையை எட்டுவதற்குள் சந்திப்பின் பாதியைக் கடந்திருக்கும்.

இப்போது இருவரில் ஒருவர் நிற்க வேண்டும். ஆட்டோ நின்றால் சந்திப்பின் நடுவில் நிற்கும். நான்கு பக்கமும் அடைபடும். நீங்கள் நின்றால் உங்கள் தெருவின் விளிம்பிலேயே, சந்திப்புக்கு வெளியே நிற்பீர்கள். நடு காலியாக இருக்கும். இடமிருந்து ஒருவர் வந்தால், அவருக்கு நீங்கள் வலப்பக்கம். அவரும் அதே காரணத்துக்காகத் தன் விளிம்பில் நிற்பார். சந்திப்பின் நடுவைக் காலியாக வைப்பதற்காகவே இந்த விதி. சாலையின் வலப்புறம் ஓட்டும் நாடுகள் பலவற்றிலும் வலமிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்றாலும், இந்தக் கணக்கு நம் இடப்புற ஓட்டத்தில்தான் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

ரவுண்டானாவிலும் இதே கணக்குதான். நம் ஊரில் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுகிறோம். நுழையப்போகிறவருக்கு, உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர் எப்போதும் வலப்பக்கமே வருவார். ஆகவே உள்ளே இருப்பவருக்கு வழி. இதை மாற்றி, நுழைகிறவருக்கு உள்ளே இருப்பவர் நின்று வழிவிட்டால் என்ன ஆகும்? வெளியேற வேண்டியவர் வெளியேற முடியாது, வட்டம் நிரம்பும், நிரம்பிய வட்டம் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். பிரிட்டனில் ரவுண்டானாக்கள் இப்படிப் பூட்டிக்கொண்டு நின்ற பிறகுதான், 1966இல் உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை என்று நாடு முழுவதற்கும் விதி செய்தார்கள். சென்னையில் மாலை ஆறு மணிக்கு ஒரு சிறிய ரவுண்டானாவின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வட்டத்துக்குள் முந்திப் புகும் நான்கைந்து பைக்குகளால் நாற்பது வாகனங்கள் நிற்பது கண்ணெதிரே தெரியும்.

நான்கு தெருவிலிருந்தும் நான்கு வாகனங்கள் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார். விதிப்படி நால்வரும் நிற்க வேண்டியதுதான். அங்கே யாராவது ஒருவர் கையசைத்து “நீங்கள் போங்கள்” என்று காட்டினால்தான் முடிச்சு அவிழும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யாருக்கு உரிமை என்று நாம் பேசுகிறோம். விதிகளோ பெரும்பாலும், யார் வழி கொடுக்க வேண்டும் என்றே பேசுகின்றன. கிளைத் தெருவிலிருந்து வருபவர் கொடுக்க வேண்டும். அடுக்ககத்தின் வாசலிலிருந்தோ பெட்ரோல் பங்கிலிருந்தோ சாலையில் இறங்குபவர் கொடுக்க வேண்டும். யூ திருப்பம் எடுப்பவர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். மற்றவர் கொடுக்கவில்லை என்றால் பறித்துக்கொள்ள எந்த விதியும் உங்களை அனுமதிக்கவில்லை. முன்னுரிமை உள்ளவரும் சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அதே சட்டம் தனியாகச் சொல்கிறது. உங்கள் ஆட்டோக்காரர் மீறியது இதைத்தான். ஒருவேளை மோதியிருந்து, வழக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தால், இருவரின் கவனக்குறைவையும் எடைபோட்டு, இழப்பீட்டில் பங்கு பிரித்திருப்பார்கள். “வழி என்னுடையது” என்ற ஒற்றை வரி அங்கே முழுக் கவசமாகாது.

எது முதன்மைச் சாலை என்று எப்படித் தெரியும்? மேற்கு மாம்பலத்தின் ஆரிய கவுடா சாலை போன்ற பெரிய சாலையில் வந்து சேரும் சிறு தெருக்களில் சந்தேகமே இல்லை. தெருவிலிருந்து வருபவர் நிற்க வேண்டும். எண்கோண வடிவில் சிவப்பு நிறத்தில் “நில்” பலகை இருந்தால் சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும், ஊர்ந்து போவது நிற்பதாகாது. தலைகீழ் முக்கோணம் இருந்தால் வழிவிட வேண்டும், சாலை காலியாக இருந்தால் நிற்காமல் போகலாம். எந்தப் பலகையும் இல்லாமல், இரண்டு தெருவும் ஒரே மாதிரி இருக்கும் அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் போன்ற கட்டம்போட்ட பகுதிகளில்தான் வலப்பக்க விதி முழு வேலை செய்கிறது. அங்கேதான் அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்குவதும், ஹாரன் முதலில் அடித்தவர் முதலில் போவதும் வழக்கமாகிவிட்டது. ஹெட்லைட்டை மினுக்குவதும் அப்படியே. சில நாடுகளில் அதற்கு “நீங்கள் போங்கள்” என்று பொருள். நம் ஊரில் “நான் வருகிறேன், நில்” என்று பொருள். எதிரில் வருபவர் மினுக்கினால், அவர் வழி தருகிறார் என்று எண்ணி ஒருபோதும் திரும்பிவிடாதீர்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நேராகப் போவதைக் காட்ட நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிடுகிறார்கள். அந்த விளக்கு, வண்டி பழுதாகி நிற்கும்போது மற்றவர்களை எச்சரிக்க வைக்கப்பட்டது. சந்திப்பில் அதைப் போட்டால், உங்கள் இடப்பக்க விளக்கை மட்டும் பார்க்க முடிகிறவர் நீங்கள் இடதுபுறம் திரும்புவதாக நினைத்துத் தன் வண்டியை எடுத்துவிடுவார். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் தேவையில்லை.

தெருவில் கூழ்ப் பந்தலோ மணல் குவியலோ நிறுத்திய லாரியோ பாதியை அடைத்திருந்தால், தடை எவர் பக்கம் இருக்கிறதோ அவர் நின்று எதிரே வருபவரை விட வேண்டும். ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போனால், குறுகிய இடத்தில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். சென்னையில் அதற்கு வேலை குறைவு.

இனி மஞ்சள். “மஞ்சள் விழுந்தால் வேகமாகப் போய்விட வேண்டும்” என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். மஞ்சளின் பொருள் நில் என்பதே. நிறுத்தக் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டதால் பத்திரமாக நிறுத்தவே முடியாது என்றால் மட்டும் தொடர்ந்து போகலாம். அந்த “மிக அருகில்” என்பது எத்தனை மீட்டர்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். மஞ்சளைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதற்குள் 11 மீட்டர் போய்விடும். பயணிகள் முன்னே சாயாத அளவுக்கு மென்மையாகப் பிரேக் பிடித்தால், நிற்க இன்னும் 21 மீட்டர் தேவை. மொத்தம் 32 மீட்டர். மஞ்சள் 3 நொடி எரிகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 3 நொடியில் நிற்காமல் போனால் 33 மீட்டர் கடப்பீர்கள். ஆகவே 40இல் வருபவருக்குக் குழப்பமே இல்லை. கோடு 32 மீட்டருக்கு அப்பால் இருந்தால் நிறுத்தலாம், அதற்குள் இருந்தால் சிவப்பு விழும் முன் கோட்டைத் தாண்டிவிடலாம்.

அதே இடத்தில் 60இல் வாருங்கள். நொடிக்கு 17 மீட்டர். நிற்பதற்கு மொத்தம் 63 மீட்டர் வேண்டும். 3 நொடியில் கடப்பதோ 50 மீட்டர்தான். கோட்டிலிருந்து 50க்கும் 63க்கும் இடையே இருக்கும்போது மஞ்சள் விழுந்தால், உங்களால் ஒழுங்காக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தொடவும் முடியாது. பிரேக்கை மிதித்தால் பின்னால் வரும் பைக் உங்கள் மீது ஏறும். போனால் சிவப்பில் நுழைவீர்கள். சிக்னலில் நடக்கும் பல தடுமாற்றங்கள் இந்தப் பதின்மூன்று மீட்டருக்குள் பிறக்கின்றன. கார்த்திகை மழையில் சாலை வழுக்கும்போது இந்தப் பொறி இன்னும் நீளும்.

2023 நவம்பரில் சென்னையில் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30 என்று வேக வரம்பு அறிவித்தார்கள். 60 என்பது உச்ச வரம்பு. சிக்னல் கண்ணில் பட்டதும் அதை 40க்குக் கொண்டுவாருங்கள் என்பது என் ஆலோசனை. பச்சை நெடுநேரமாக எரிந்துகொண்டிருந்தால் கட்டாயம் குறையுங்கள். பழைய பச்சை எப்போது வேண்டுமானாலும் மஞ்சளாகும். முடிவை விளக்கு மாறிய பிறகு எடுக்க வேண்டியதில்லை. இந்த வேகத்தில் மஞ்சள் விழுந்தால் எந்த மரத்தடியில், எந்தக் கடை வாசலில் நின்றுவிட முடியும் என்று முன்கூட்டியே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் போங்கள், தாண்டவில்லை என்றால் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் கணக்கில் இல்லை. அவருடைய கண்ணாடியில் தெரியும் சாலை வேறு.

மஞ்சளைப் பற்றி மறுபக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம் சிவப்பானதும் மறுபக்கம் உடனே பச்சையாவது சரியான அமைப்பல்ல. இடையே ஓரிரு நொடி எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும்படி வைப்பார்கள், கடைசியாக நுழைந்தவர் வெளியேறுவதற்காக. நம்மில் பலர் குறுக்குச் சாலையின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்து, அது சிவப்பானதுமே கிளப்பிவிடுகிறோம். அந்த ஓரிரு நொடி மற்றவர் உயிருக்கென்று ஒதுக்கியது. உங்கள் விளக்கு பச்சையானாலும் வலது, இடது, மீண்டும் வலது பார்த்துவிட்டு எடுங்கள். அப்பால் வாகனங்கள் தேங்கி, நீங்கள் சந்திப்பைக் கடந்து வெளியேற இடமில்லை என்றால், பச்சையே எரிந்தாலும் நுழையக் கூடாது. சில சந்திப்புகளின் நடுவே மஞ்சள் கோடுகளால் பெட்டி போட்டிருப்பது அதற்காகவே.

இரவில் பல சிக்னல்கள் மஞ்சளை மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். சிக்னல் இல்லை என்று எண்ணி எவரும் எப்படியும் போகலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. வேகத்தைக் குறைத்து, பார்த்துப் போ என்று பொருள், அங்கே மறுபடியும் வலப்பக்க விதி உயிர்பெறும். சிவப்பு மினுக்கினால் நில் பலகைக்குச் சமம், முழுமையாக நின்று பிறகு போக வேண்டும். மழையில் மின்சாரம் போய் விளக்கே அணைந்திருந்தாலும் சிக்னல் இல்லாத முனையாகவே கொள்ளுங்கள். காவலர் கை காட்டிக்கொண்டிருந்தால் விளக்கு என்ன நிறமாக இருந்தாலும் அவர் கைதான் சட்டம்.

சிவப்பைத் தாண்டுவது சிறு தவறு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, சிவப்பு விளக்கை மீறுவது 184ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டுதல் என்ற குற்றத்தின் விளக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. கையில் அலைபேசியை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. அவசர ஊர்திக்கு வழிவிடாமல் இருந்தால் 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அவசர ஊர்திகளுக்குள்ளும் வரிசை இருக்கிறது. முதலில் தீயணைப்பு வண்டி, பிறகு ஆம்புலன்ஸ், பிறகு காவல்துறை. 108 பின்னால் அலறும்போது பதறிப்போய்க் குறுக்குப் போக்குவரத்துக்குள் பாய்ந்துவிடாதீர்கள். இடதுபுறம் ஒதுங்குங்கள். அதன் வழியில் பின்தொடர்ந்து புகுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உள்ளே ஒரு குடும்பம் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது கேள்வி, சிவப்பில் இடதுபுறம் திரும்புவது. “ஃப்ரீ லெஃப்ட்” என்ற பலகையோ இடப்பக்கப் பச்சை அம்புக்குறியோ இருக்கும் இடத்தில் மட்டும் திரும்பலாம். சென்னை முழுவதும் இடது திருப்பம் எப்போதும் திறந்தே இருக்கிறது என்று நினைப்பது தவறு. பலகை இருக்கும் இடத்திலும் அது நிற்காமல் போகும் உரிமை ஆகாது. நீங்கள் திரும்பும் இடத்தில்தான், குறுக்குச் சாலையில் வண்டியில் போகிறவர்களும் நடந்து கடக்கிறவர்களும் வருகிறார்கள். இருவருக்கும் வழிவிட்ட பிறகே போக வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம். மயிலாப்பூர் லஸ் முனையில் ஒரு முறை வயர்கூடையோடு ஒரு பாட்டி நடப்பதற்கான பச்சை மனிதன் எரிவதைப் பார்த்து இறங்கினார். இடதுபுறம் திரும்பிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தன. பச்சை மனிதன் அணைந்துவிட்டது. அவர் மூன்றடிகூட நகரவில்லை. திரும்பிப் போய் நடைபாதையில் நின்றுகொண்டார். அவருக்குச் சட்டம் கொடுத்த இருபது நொடியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம். என் வண்டியும் அந்த வரிசையில் இருந்தது. சிக்னல் இல்லாத வெள்ளைக் கோட்டுக் கடவையில் நடப்பவருக்கே முன்னுரிமை என்று நம் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே உலகின் முதல் போக்குவரத்து விளக்கை அமைத்தது, நடந்து சாலையைக் கடப்பவர்களைக் காப்பதற்காகத்தான். எரிவாயுவில் எரிந்த அந்த விளக்கு ஒரு மாதத்துக்குள் வெடித்துவிட்டது, நோக்கம் மட்டும் நிலைத்தது. சிவப்பில் நிற்கும்போது உங்கள் முன்சக்கரம் நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். கடவையை மறைத்து நின்றால், நடப்பவர் உங்கள் வண்டியைச் சுற்றிச் சாலையின் நடுவுக்குப் போக வேண்டியிருக்கும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, போக்குவரத்து குறைவாக இருக்கும்போது, அந்த கே.கே. நகர்த் தெருக்களுக்கே மறுபடியும் போங்கள். ஒவ்வொரு முனைக்கும் முன்னால் இரண்டாம் கியருக்கு வந்து, “வலது” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் பாருங்கள். என் மாணவர்களை முப்பது முனைகளாவது இப்படிச் சொல்லவைப்பேன். முதல் பத்து முனை கூச்சமாக இருக்கும். இருபதாவது முனையில், வாய் சொல்வதற்கு முன்பே கழுத்து திரும்பிவிடும்.